‘சும்மா இரு’ என்னும் சொல்லும் அமைதியற்ற பிள்ளைகளும்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டும்போது கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், தமிழின் தொன்மை, ஆசிரியப் பெருமக்களின் தொண்டு ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி எழுதுதல் வழக்கம். அவற்றை எழுதுதற்கு எம்மினும் மூத்தோரும் வல்லோரும் உளர். ஆதலின் யாம் மிகச் சிறியதொரு சொற்றொடரை எடுத்துக்கொள்ள விரும்புகின்றோம். பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் பள்ளிப் பருவத்தில் ஆயிரம் முறையேனும் கேட்ட சொற்றொடர் அது. இன்றைய மாணாக்கர் இன்று காலையிலும் கேட்டிருப்பர். ஆசிரியராகிய யாம் எத்துணை முறை கூறியிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. "சும்மா இரு" என்பதே அது.

தமிழில் இதனினும் எளிய கட்டளை இல்லை. இதனினும் அரிய உபதேசமும் இல்லை. முருகப் பெருமான் தமக்கு அருளிய உபதேசமாக அருணகிரிநாதர் போற்றியது இதுவே. 1964ஆம் ஆண்டிற் சமாதியடைந்த கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் தம்மை நாடி வந்த அன்பர்க்கு அடிக்கடி உணர்த்தியதும் இதுவே. வாயை மூடியிருத்தலையும் கையைக் கட்டியிருத்தலையும் அப்பெரியோர் கருதினாரல்லர். மனம் அலையாது நிற்கும் நிலையையே கருதினர். வாழ்நாளெல்லாம் முயன்ற துறவியரும் எளிதிற் பெறாத அந்நிலையை, விடியற்காலை மலைப்பாதையில் நடந்து வந்து வாங்கில் அமர்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம் நாம் கேட்கின்றோம். அவன் கொடாதவிடத்துச் சினக்கின்றோம்.

பிள்ளைகளுட் பெரும்பாலார் ஆசிரியர் முகத்தை நோக்கி ஒருவாறு அடங்கியிருப்பர். ஒரு சிலருக்கு மாத்திரம் அது இயலுவதில்லை. அவர்கள் அடங்க மனமில்லாதவர்களா, அடங்க இயலாதவர்களா என்னும் வினாவை நம் பாடசாலைகள் நெடுங்காலம் கேட்கவேயில்லை. அவ்வினாவைக் கேளாமையால் யாம் இழைத்த பிழையொன்றை முதலிற் சொல்லிவிடுவது முறையாகும்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியத் தொழிலுக்குப் புதியராயிருந்த காலத்தில், மலைச்சரிவிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பித்தோம். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். வாங்கின் ஒரு முனையில் அமர்வான்; பாடம் தொடங்கிச் சற்று நேரத்துள் மறுமுனையில் இருப்பான்; பின்னர் யன்னலோரம் நிற்பான். வினாவைக் கேட்டு முடிக்குமுன் விடையைக் கூவுவான். எழுதத் தொடங்கிய வாக்கியம் எழுவாயோடு நின்றுவிடும். பென்சில், புத்தகம், மதிய உணவுப் பெட்டி ஆகியவற்றுள் ஒன்றையேனும் தொலைக்காமல் வீடு திரும்பிய நாள் அரிது. அவனை யாம் வகுப்பின் வெளியே நிறுத்தினோம். பிறர் முன்னிலையில் ஏளனமாகப் பேசினோம். அவனுடைய தாயை அழைத்து, அரைநாட் சம்பளத்தை இழந்து வந்த அப்பெண்மணியின் முன்னே அவனுடைய குற்றங்களைப் பட்டியலிட்டோம். அவர் தலை குனிந்து கேட்டு, "அடிச்சுத் திருத்துங்க சேர்" என்று கூறிப் போனார்.

அவ்வாண்டு மாசி மாதத்தில் அத்தோட்டத்திற் காமன் கூத்து நிகழ்ந்தது. அழைப்பின் பேரில் யாமும் சென்றிருந்தோம். தப்படிக்கும் பெரியவர்களின் நடுவே இச்சிறுவன் ஒரு தப்பை ஏந்தி நின்றான். இரவு பத்து மணி தொடங்கி நள்ளிரவு கடந்தும் அவன் தாளம் தவறவில்லை. கண்ணும் கையும் காலும் ஒன்றாயிருந்தன. வகுப்பிற் பத்து நிமிடம் நில்லாத கவனம் அங்கே மூன்று மணிநேரம் நின்றது. யாம் அதனைக் கண்டு வியந்தோம், வியந்ததன்றிச் சிந்தித்தோமல்லோம். "இதற்கு மட்டும் கவனம் இருக்கின்றதே, படிப்பதற்குத்தான் கள்ளம்" என்று உடனிருந்தவரிடம் கூறியதும் நினைவில் இருக்கின்றது. ஒன்பதாம் வகுப்போடு அவன் பாடசாலையை விட்டு நீங்கினான். கொழும்பில் ஒரு கடையிற் பொதி தூக்குகின்றான் எனப் பின்னர் அறிந்தோம். உழைத்துண்பது இழிவன்று. எனினும் அவன் அதனைத் தெரிந்து எடுக்கவில்லை. நாம் அடைத்த கதவுகளுள் எஞ்சிய ஒரு கதவு அது.

அச்சிறுவனுக்கு இருந்தது கள்ளமன்று என்பதைப் பிற்காலத்திற் கற்றோம். மருத்துவ நூலார் அதனைக் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்பர், ஏ.டி.எச்.டி. என்னும் எழுத்துக்களால் உலகெங்கும் வழங்குவர். இது நேற்றுத் தோன்றிய நாகரிக நோயென்று கருதுவோர் உளர். 1798ஆம் ஆண்டிலேயே அலெக்சாந்தர் கிறைற்றன் என்னும் வைத்தியர், ஒரு பொருளில் மனத்தை நிறுத்த இயலாத நிலையைப் பற்றி எழுதினார். 1902ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் சிறுவர் வைத்தியர், அறிவிற் குறையின்றியும் தம்மைத் தாமே கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி இலண்டன் மாநகரில் விரிவுரைகள் நிகழ்த்தினார். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கையேட்டில் 1968ஆம் ஆண்டில் மிகையியக்கமாக இடம்பெற்ற இந்நிலை, 1980ஆம் ஆண்டிற் கவனக்குறைவை முதன்மையாகக் கொண்ட பெயரைப் பெற்று, 1987ஆம் ஆண்டில் இரண்டையும் இணைத்த இன்றைய பெயரை அடைந்தது.

இதன் அறிகுறிகள் மூவகைப்படும். கவனம் நிலைபெறாமை ஒன்று. உடல் ஓயாது இயங்குதல் ஒன்று. எண்ணுமுன் செய்துவிடுதல் ஒன்று. சிலரிடம் மூன்றும் இருக்கும். சிலரிடம், சிறப்பாகப் பெண்பிள்ளைகள் பலரிடம், முதலாவது மட்டும் மறைந்திருக்கும். யன்னல் வழியே நக்கிள்ஸ் மலைமுகிலை நோக்கிக்கொண்டு ஓசையின்றி அமர்ந்திருக்கும் மாணவியை நாம் ‘அமைதியான பிள்ளை’ என்று பாராட்டிவிட்டு, தவணைப் பரீட்சையிற் புள்ளி குறைந்ததும் ‘மந்தம்’ என்று முடிவு கட்டுகின்றோம். கவனம் முற்றாக இல்லாமை இந்நிலையின் இயல்பன்று. கவனத்தை வேண்டியவிடத்து வேண்டிய அளவிற் செலுத்தும் ஆட்சி குறைவதே இதன் இயல்பு. தப்பின் ஓசையைப்போல உடனுக்குடன் பயன் தரும் செயலில் அக்கவனம் தானே சென்று பற்றும். இலக்கண நூற்பாவில் அவ்வாறு பற்றாது. அந்த மாசி இரவில் எம் கண்முன் நின்ற விளக்கம் இதுவே.

மூளையின் வளர்ச்சியை ஆராய்ந்தோர் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தியொன்று ஆசிரியர் அனைவரும் அறியற்பாலது. மூளையின் மேற்பட்டை பிள்ளைப்பருவத்தில் தடித்து உச்சநிலையை அடையும். அந்நிலையைப் பிற பிள்ளைகள் ஏழரை வயதளவில் அடைய, இக்குறைபாடுள்ள பிள்ளைகள் பத்தரை வயதளவில் அடைகின்றனர் என்பதே அச்செய்தி. கவனத்தையும் செயலையும் ஆளும் முன்புறப் பகுதியில் இப்பிந்துதல் மிகுதி. மூன்றாண்டு பிந்தி வளர்வதொன்றைப் பிரம்பினால் விரைவுபடுத்த இயலுமா? பிந்திய பயிரை இழுத்து வளர்க்கும் உழவன் எங்கேனும் உளனா?

உலகின் பல நாடுகளிற் செய்த கணிப்புக்களை ஒருங்கு நோக்கின் நூற்றுக்கு ஐவர் அளவிலான பிள்ளைகளிடம் இந்நிலை காணப்படுகின்றது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர். எனினும் ஆசிரியர் எவரும் தம் வகுப்பை நோக்கிவிட்டு இன்னாருக்கு நோய் உண்டு எனத் தீர்ப்புரைத்தல் ஆகாது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன் தோன்றியிருத்தல் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்தல் வேண்டும். வீடு, பாடசாலை போன்ற ஈரிடங்களிலேனும் காணப்படல் வேண்டும். பசி, உறக்கமின்மை, கேள்விக் குறைவு, வீட்டுத் துயர் ஆகியவற்றால் விளைந்தன அல்ல என ஆராய்ந்து அறிதல் வேண்டும். அது வைத்தியரின் கடமை. குறி கேட்டல், நூல் மந்திரித்துக் கட்டுதல் ஆகியவற்றால் ஆண்டுகளை இழப்பதும், ‘குழப்படிகாரன்’ என்று நெற்றியில் எழுதி ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.

இனி, இக்குறைபாட்டிற்கு உதவும் வழிகளுள் ஒன்றாக இக்காலத்திற் பெரிதும் பேசப்படும் மனவிழிப்புப் பயிற்சியைப் பற்றிக் கூறப் புகுகின்றோம். இது அமெரிக்காவிலிருந்து வந்த புதுமை என்று நம் இளைஞர் எண்ணுகின்றனர். உண்மையில் இதன் வரலாற்றில் நம் கண்டி மாநகருக்குப் பெரும் பங்குண்டு. பன்விலயிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்குச் செல்வோர் எத்தனையோ முறை கண்டிருக்கும் உடவத்தகெலைக் காட்டில், வனாச்சிரமம் ஒன்றில் வாழ்ந்தவர் ஞானபோனிக்க தேரர். ஜேர்மனி நாட்டில் 1901ஆம் ஆண்டில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1936ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து துறவு பூண்டவர் அவர். பர்மா நாட்டு மகாசி சயாதோவின் முறையைப் பயின்று, ‘பௌத்த தியானத்தின் இதயம்’ எனப் பொருள்படும் தலைப்புடன் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1954ஆம் ஆண்டிற் கொழும்பில் வெளிவந்தது. 1958ஆம் ஆண்டிற் கண்டியில் நிறுவப்பெற்ற பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தின் நிறுவனருள் ஒருவரும் அவரே. 1994ஆம் ஆண்டில் அவர் மறையும்வரை அக்காட்டிலிருந்து எழுந்த நூல்கள் உலகெங்கும் சென்றன.

அவர் வலியுறுத்தியது ‘வெறுங்கவனிப்பு’ என்னும் ஒன்றை. மூச்சு வந்தால் வருகின்றது, எண்ணம் எழுந்தால் எழுகின்றது, சினம் மூண்டால் மூள்கின்றது என, நல்லது தீயது என்று தீர்ப்புக் கூறாது காண்பதே அது. 1979ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜோன் கபற்-சின் என்பவர் நோயாளருக்கெனப் பயிற்சியொன்றைச் சமயச் சார்பின்றி வகுத்தார். அவர் தம் நூல்களில் ஞானபோனிக்க தேரரை எடுத்தாண்டுள்ளார். அதே 1979ஆம் ஆண்டிற் கலஹாவை அடுத்த நிலம்பையில், தேயிலை மலைகளின் நடுவே தியான நிலையமொன்று தோன்றியது. கொட்வின் சமரரத்ன என்னும் பெரியார் 2000ஆம் ஆண்டில் மறையும்வரை அங்கே எச்சமயத்தார்க்கும் எளிய மொழியிற் கற்பித்தார். கடல் கடந்து புதுப்பெயருடன் திரும்பிய சரக்கை நாம் அயற்பொருளென்று கருதுகின்றோம். அது ஏற்றுமதியான துறைகளுள் ஒன்று நம் வீட்டு வாயிலில் இருந்தது.

இப்பயிற்சிக்குப் பாளி மொழியில் ‘சதி’ என்று பெயர். தமிழிற் சதி என்றால் சூழ்ச்சி என்று பொருள்படுவதால் அச்சொல்லைக் கேட்ட மாணாக்கர் நகைத்தனர். ‘ஸ்மிருதி’ என்னும் வடசொல்லின் திரிபு அது. நினைவு என்பது அதன் பொருள். மனம் இப்போது எங்கே இருக்கின்றது என்பதை மறவாதிருத்தலை அது குறித்தலின், யாம் ‘மனவிழிப்பு’ என்று வழங்குகின்றோம்.

பிறர் சமயத்துப் பயிற்சியை இந்துக் கல்லூரியொன்றிற் புகுத்தலாமா என்று வினாவும் அன்பர் இருப்பர். அவர் நெஞ்சை யாம் மதிக்கின்றோம். பதஞ்சலியார் வகுத்த எட்டு உறுப்புக்களுட் புலன்களை மீட்டலும், ஓரிடத்து மனத்தை நிறுத்தலும், தியானமும் முறையே ஐந்தாவதும் ஆறாவதும் ஏழாவதுமாக நிற்கின்றன. நம் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தை இவ்வட்டாங்க யோகத்துக்கே ஒதுக்கினார். மூச்சை நோக்குதல் எவருக்கும் தனியுரிமையான செல்வமன்று. நம் பாட்டனார் அறிந்திருந்து, நாம் மறந்து, அயலார் பேணி வைத்திருந்த பொருளை அவரிடமிருந்து நன்றியோடு திரும்பக் கேட்பதில் இழிவு யாது?

இப்பயிற்சி அமைதியற்ற பிள்ளைக்கு எவ்வாறு உதவும்? ஒருவன் தன் மூச்சில் மனத்தை வைக்கின்றான். சில நொடிகளில் மனம் ஓடிவிடுகின்றது. ஓடியதை அவன் அறிகின்றான். கடியாது அழைத்து வருகின்றான். இந்நான்கு படிகளே பயிற்சி. மனம் ஓடாதிருப்பது அதன் நோக்கமென்று பலர் பிழைபட எண்ணுவர். ஓடியதை அறிந்து திரும்புவதே அதன் நோக்கம். திரும்புந்தோறும் கவனத்தை ஆளும் ஆற்றல் ஒரு சிறிது உரம் பெறுகின்றது. ஆகவே அடிக்கடி மனம் ஓடும் பிள்ளை இப்பயிற்சியில் தோற்றவனல்லன். திரும்பும் வாய்ப்பு அவனுக்குப் பிறரினும் மிகுதி. மேலும், எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே ஒரு மூச்சளவு இடைவெளி கிடைத்தால், ஓங்கிய கை தாழவும், கூவ எழுந்த வாய் பொறுக்கவும் இடமுண்டு.

ஆயினும் ஆசை மிகுதியால் உண்மையைப் பெருக்கிக் கூறுதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆராய்ச்சிகள் கூறுவனவற்றை உள்ளவாறே சொல்லுகின்றோம். 2008ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் லிடியா சைலோவ்ஸ்கா என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும், இக்குறைபாடுள்ள வளர்ந்தோர் 24 பேருக்கும் இளையோர் 8 பேருக்கும் எட்டு வாரம் பயிற்சி அளித்தனர். பலரிடம் அறிகுறிகள் தணிந்தன. எனினும் ஒப்பு நோக்குதற்கு வேறொரு குழு அங்கே இல்லை. 2012ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டில் எட்டு முதற் பன்னிரண்டு வயது வரையுள்ள 22 பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்தபோது அவர்தம் பெற்றோருக்கும் உடன் பயிற்சி அளித்தனர். பிள்ளைகளின் அறிகுறிகள் குறைந்தன என்றும், தாமும் முன்போற் பதறிச் சினப்பதில்லை என்றும் பெற்றோர் கூறினர். ஆசிரியர் கொடுத்த மதிப்பீட்டிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. இவை சிறிய ஆராய்ச்சிகள். நம்பிக்கைக்கு இடந்தருவன, முடிவு கட்டப் போதாதன.

பெரிய ஆராய்ச்சியொன்று வேறொரு பாடம் புகட்டுகின்றது. ஐக்கிய இராச்சியத்தில் 85 பாடசாலைகளைச் சேர்ந்த எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பொது மாணாக்கரைக் கொண்டு நிகழ்த்திய பரிசோதனையின் முடிவு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. வகுப்பு முழுவதற்கும் பாடம்போல் நடத்திய மனவிழிப்புப் பயிற்சி, வழக்கமான நன்னடத்தைப் பாடங்களினும் மாணாக்கருக்கு மேலான பயனைத் தரவில்லை. ஆனால் அப்பயிற்சியைப் பெற்றுக் கற்பித்த ஆசிரியரிடம் தொழிற்சோர்வு குறைந்ததும், பாடசாலையின் சூழல் ஓரளவு இனிதானதும் அக்காலத்திற் காணப்பட்டன. ஓராண்டு கழிந்தபின் அப்பயனும் பெரும்பாலும் மங்கியது. ஆதலின் இரண்டு முடிவுகள் எமக்குப் புலனாகின்றன. காலைக் கூட்டத்தில் ஆயிரம் பேரையும் கண்மூடச் செய்துவிட்டுக் கடமை முடிந்தது எனக் கருதுதல் வீண். முதலிற் பயில வேண்டியவர் மாணாக்கரல்லர், ஆசிரியரும் பெற்றோரும்; அதுவும் இடையறாது பயிலல் வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திக் கூறுதல் வேண்டும். மனவிழிப்பு மருந்துக்கு மாற்றன்று. 1937ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சாள்ஸ் பிறட்லி ஊக்க மருந்தொன்றால் இத்தகைய பிள்ளைகள் அமைதியுற்றுக் கற்றதைக் கண்டார். 1944ஆம் ஆண்டிற் சுவிற்சலாந்திற் கண்டுபிடிக்கப்பெற்ற மெதைல்பெனிடேற் இன்று உலகெங்கும் வைத்தியர் மேற்பார்வையில் வழங்கப்படுகின்றது. மருந்து வேண்டிய பிள்ளைக்கு அதனை மறுத்து மூச்சை மட்டும் எண்ணச் செய்தல், கண்ணாடி வேண்டிய பிள்ளையைக் கண்ணைச் சுருக்கிப் பார் என்று ஏவுவதனோடு ஒக்கும். வைத்தியர், பெற்றோர், ஆசிரியர் ஆகிய மூவர் துணையோடு சேரும் நான்காந் துணையே மனவிழிப்பு.

அதனைக் கையாளும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடுக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிரம்பை வைத்துவிட்ட ஆசிரியர், "இருபது நிமிடம் கண்ணை மூடி அசையாதிரு" என்று அமைதியற்ற பிள்ளைக்குக் கட்டளையிட்டால், தியானமே புதிய பிரம்பாகிவிடும். கலிபோர்னியாப் பயிற்சியிலும் வளர்ந்தோரைக்கூட ஐந்து நிமிடத்திலேயே தொடங்கவைத்தனர். அமர இயலாதவர் நடந்துகொண்டே பயிலவும் இடமளித்தனர். பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும். அசைவு அவனுக்குப் பகையன்று. அசைவினூடே விழிப்பைப் பழக்குதலே எளிது.

எம் வகுப்பில் யாம் செய்து வருவது மிகச் சிறிது. பாடத்தின் தொடக்கத்திற் சிறிய வெண்கல மணியொன்றை ஒரு முறை ஒலிப்போம். ஓசை முற்றாக அடங்கும்வரை கேட்டு, அடங்கியபின் கையை உயர்த்துதல் மாணாக்கர் செயல். இரண்டாம் பாடவேளையின் முடிவில் விறாந்தையில் ஒரு முறை, பாதம் தரையிற் படுவதை அறிந்து நடந்து திரும்புவோம். தேவாரம் ஓதுங்கால் இரு வரிகளுக்கிடையே ஒரு மூச்சு விட்டு ஓதுவோம். செய்யுளைச் சந்தத்தோடு கையாற் றட்டிப் பயில்வோம்; இதனைக் கற்பித்த ஆசான், முன்னர்க் கூறிய தப்படித்த சிறுவனே. நீண்ட பயிற்சியைச் சிறு பகுதிகளாக்கி ஒவ்வொன்றாகக் கொடுத்தலும், அமைதியற்ற பிள்ளையை முன்வரிசையில் அமர்த்திப் பயிற்சிக் கொப்பிகளைப் பகிரும் பொறுப்பை அளித்தலும் தியானமல்ல. எனினும் அவையின்றித் தியானம் மட்டும் பயன்படாது.

இவ்வகுப்பில் ஒரு பிள்ளை உளன். மணியோசையைக் கேட்டு முதன் மூன்று மாதம் அவன் ஒருநாளும் உரிய வேளையிற் கையுயர்த்தியதில்லை. ஒருநாள் எல்லோரும் கையிறக்கிய பின்னர் எழுந்து, "சேர், மனசு ஹுலுகங்கை ஆத்துப் பக்கம் போயிருச்சு, இப்பதான் வந்துச்சு" என்றான். வகுப்பு நகைத்தது. யாம் நகைக்கவில்லை. மனம் ஓடியதையும், ஓடிய இடத்தையும், அது திரும்பியதையும் தானே கண்டு, அச்சமின்றிச் சொன்ன பிள்ளை அவன். அவன் இன்னும் பென்சிலைத் தொலைக்கின்றான். இன்னும் இடையில் எழுகின்றான். வைத்தியரையும் காண்கின்றான். ஆனால் தன்னைக் கெட்டவன் என்று அவன் நினைப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் எம்மால் ஒருவனுக்குக் கொடுக்க இயலாதுபோனது அதுவே.

மாற்றம் பெரிதும் நிகழ்ந்தது எம்மிடத்திலேயே என்பதையும் மறைத்தல் ஆகாது. வகுப்பு வாயிலில் நின்று மூன்று முறை மூச்சை அறிந்து விட்டு உட்புகுதலை ஈராண்டாக வழக்கமாக்கியுள்ளோம். சினம் வருவது நின்றுவிடவில்லை, வருவது தெரிகின்றது. தெரிந்தவிடத்துக் குரல் தாழ்கின்றது. "சும்மா இரு" என்று பிள்ளைக்குச் சொல்லுமுன் அதனை எமக்கே ஒரு முறை சொல்லிக்கொள்ளுகின்றோம்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு சொல். ஒல்லாந்தில் நிகழ்ந்ததுபோல் இங்கும் தாய்மாரை வாரந்தோறும் வகுப்புக்கு அழையுங்கள் என்று எழுதிவிடுதல் எளிது. விடியலிற் சமைத்து, பிள்ளையை அனுப்பி, மலையேறி, தூறலிற் கொழுந்து பறித்து, மாலையில் நிறுவை முடித்துத் திரும்பும் தாய்க்கு, ஒரு காம்பராவில் அறுவர் வாழும் லயத்தில் எந்த மூலையில் அமர்ந்து தியானம் செய்யச் சொல்லுவோம்? வறுமையின் சுமையை மூச்சினால் இறக்கிவைக்கச் சொல்லும் உபதேசம் கொடுமையாகும். அத்தாயிடம் நாம் கேட்கத்தக்கது ஒன்றே: நாள்தோறும் ஐந்து நிமிடம், குற்றம் கூறாது பிள்ளை சொல்வதைக் கேட்டல். நாம் அவருக்குக் கொடுக்கத்தக்கது அதனினும் பெரிது: அவரை அழைத்துக் குற்றப் பட்டியல் வாசிக்காதிருத்தல்.

இவ்விடத்திற் பழைய மாணவர் சங்கத்தினர்க்கு எம் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கின்றோம். விழாக் காலத்தில் வளைவுகளும் மண்டபங்களும் எழுதல் நன்றே. அவற்றோடு மூன்று சிறு செயல்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். முதலாவது, சிறுவர் மனநல வைத்தியரைக் காணப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் பன்விலயிலிருந்து இரண்டு பஸ் ஏறிச் செல்லும் ஏழைப் பெற்றோருக்குப் போக்குவரத்துச் செலவையும், அன்று இழக்கும் நாட்சம்பளத்தையும் ஈடுசெய்யும் ஒரு சிறு நிதி. அரசாங்க வைத்தியசாலையில் மருத்துவம் இலவசம். அதன் வாயிலை அடைதல் இலவசமன்று. இரண்டாவது, ஆண்டுதோறும் ஆசிரியர் இருவரேனும் இக்குறைபாட்டைப் பற்றியும் மனவிழிப்பைப் பற்றியும் முறையாகக் கற்க உதவி. பாடசாலைகளுக்கெனக் கடந்த பத்தாண்டுக் காலத்தில் ‘சதி பாசல’ என்னும் இயக்கம் உட எரியகம தம்மஜீவ தேரரின் வழிகாட்டலில் வளர்ந்துள்ளது. அத்தகையோரிடம் நம் ஆசிரியர் சென்று கற்றுவந்து தமிழிற் கற்பித்தல் வேண்டும். மூன்றாவது, பெற்றோர் படிக்கத்தக்க, படிக்க இயலாதோர்க்குப் பிள்ளையே படித்துக் காட்டத்தக்க, பத்துப் பக்கத் தமிழ்ச் சிறுநூல் ஒன்று. அதனை எழுதும் பணியை யாம் ஏற்கின்றோம்; அச்சிடுஞ் செலவைச் சங்கம் ஏற்குமாக.

பழைய மாணவ அன்பர்காள்! இம்மலரைப் புரட்டும் உங்களுட் சிலர், வகுப்பின் வெளியே நின்ற நாட்களே மிகுதியென்று நகைத்துப் பேசுவதைக் கேட்டிருக்கின்றோம். உங்களுக்கு எப்படியோ ஒரு வழி திறந்தது. ஓர் ஆசிரியரோ, ஒரு தொழிலோ, ஒரு நண்பரோ கைகொடுத்தனர். உங்களோடு வெளியே நின்று, பின்னர் எவ்விழாவுக்கும் வாராதுபோன தோழர் ஒருவரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அவர் பெயர் எம் இடாப்பிலும் இருந்தது. அத்தகைய பெயரொன்று இனியும் இடாப்பிலிருந்து வெட்டப்படாதிருக்கச் செய்வதே இவ்விழாவின் உண்மைப் பொலிவாகும்.

‘சும்மா இரு’ என்னும் சொல்லை நாம் கைவிடல் வேண்டுவதில்லை. அதனைக் கட்டளையாகக் கூறும் வழக்கத்தை விட்டு, பிள்ளையின் அருகிருந்து அவனோடு நாமும் பயிலும் பாடமாக ஆக்கிக்கொள்வோம். அதற்கு எல்லாம் வல்ல முருகப் பெருமான் திருவருள் துணை நிற்பதாக.